பூட்டில்லாத கத்தி

பழைய மடக்குக் கத்திகள் பலவற்றில் பூட்டு கிடையாது. திறந்த அலகை நிறுத்தி வைப்பது, பிடியின் முதுகில் படுத்திருக்கும் ஓர் எஃகுப் பட்டை. வில் மாதிரி வளைந்து, அலகின் அடியை எந்நேரமும் அழுத்திக்கொண்டிருக்கும். அலகின் முதுகில் எதிர்த்திசையாக அழுத்தினால் வில் விட்டுக்கொடுத்துவிடும். நடுவில் விரல் இருந்தால் விரலுக்கும் வெட்டு.

இதைக் குறை என்பவர்கள் உண்டு. பூட்டு வைத்த புதுக் கத்திகளே பாதுகாப்பு என்பார்கள். உண்மைதான். ஆனால் பூட்டு இருக்கிறதே என்ற தைரியத்தில் கத்தியை நெம்புகோலாக்குகிறோம், ஸ்க்ரூடிரைவராக்குகிறோம், டப்பா மூடியில் குத்துகிறோம். பூட்டில்லாத கத்தி அதற்கெல்லாம் இடம் கொடுக்காது. வெட்டும் திசையைப் பார்த்து வெட்டு, மற்றதற்கு வேறு சாமான் எடு என்கிறது. நாள் முழுக்கச் சட்டைப்பையில் கிடக்கும் ஒரு பொருள் இவ்வளவு கண்டிப்பாக இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

*

அலகில் பிறை வடிவில் ஒரு நகக்குழி. கட்டைவிரல் நகத்தை அதில் வைத்து இழுக்கும்போது முதலில் வில் முரண்டு பிடிக்கும். அலகு பிடிக்குச் செங்குத்தாக வரும் இடத்தில் சில கத்திகள் ஒரு கணம் நின்றுவிடும். அலகின் அடியைச் சதுரமாக ராவியிருப்பதால் வரும் நிறுத்தம் அது. மறுபடி இழுத்தால் மிச்ச வழியை வில்லே முடித்துவைக்கும். ‘டக்’ என்று ஓர் ஓசை. அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் இதைக் கத்தியின் நடையும் பேச்சும் என்கிறார்கள். தடங்கல் இல்லாமல் திறப்பது நடை, கடைசியில் விழும் ஓசை பேச்சு.

நகத்தைப் பெயர்க்கும் அளவுக்கு இறுகிய வில்லை உறுதி என்று புகழ்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஈரக் கையோடு திறக்க முடியாத கத்தி அலமாரியில் இருக்கலாம், பையில் வேண்டாம்.

*

பார்லோ. மடக்குக் கத்தி வடிவங்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று. 1600களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு வட்டாரத்தில் ஒபதியா பார்லோ என்ற கத்திக் கொல்லரின் குடும்பத்தோடு சேர்ந்து வந்த பெயர். கடல் கடந்து அமெரிக்கக் குடியேற்றங்களுக்குப் போனது. 1875 வாக்கில் மாசசூசெட்ஸின் ஜான் ரஸ்ஸல் நிறுவனம் இதைத் தானே செய்யத் தொடங்கியது. அம்பு துளைத்த ‘ஆர்’ எழுத்துதான் அதன் முத்திரை.

கண்ணீர்த் துளி போன்ற பிடி, ஒரு பக்கம் ஒடுங்கி மறுபக்கம் அகன்றிருக்கும். அலகு சுழலும் முனையில் மட்டும் நீளமான ஓர் உலோகப் பூண், பிடியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மறுமுனையில் பூணே இல்லை, எலும்புத் தகடுதான். பலம் தேவைப்படும் இடத்தில் மட்டும் இரும்பைப் போட்டு, மற்ற இடத்தில் காசை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். அழகுக்காக வந்த வடிவம் இல்லை இது. மலிவாக விற்க வேண்டும், ஆனாலும் மூட்டு ஆட்டம் காணக் கூடாது என்ற நெருக்கடியிலிருந்து வந்தது.

1876இல் வெளிவந்த மார்க் ட்வைனின் டாம் சாயர் நாவலில் பையனுக்குப் பரிசாகக் கிடைப்பது ஒரு பார்லோதான். பன்னிரண்டரை சென்ட் விலை. எதையும் வெட்டாத கத்தி, ஆனால் அசல் பார்லோ என்பதால் பையன் குதிக்கிறான். எனக்கு அந்த இடத்தில் ட்வைன் மீது சந்தேகமே இல்லை. சிறுவர்களுக்குக் கத்தி வெட்ட வேண்டும் என்ற அவசியம் கிடையாது.

*

ஸ்டாக்மேன். அமெரிக்காவின் மாட்டுப் பண்ணை நிலத்தில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் உருவான மூன்று அலகுக் கத்தி. இதைப் பிரித்துப் பார்ப்பது, அந்த மேய்ச்சல்காரனின் ஒரு நாளைப் பிரித்துப் பார்ப்பதுதான்.

பெரிய அலகின் முனைக்கருகே முதுகைக் குழிவாகச் சீவி எடுத்திருப்பார்கள். கூர்முனை ஒடுங்கி வரும். பொது வேலைக்கெல்லாம் அதுதான்.

இரண்டாவது அலகுக்கு முனையே இல்லை. வாய் நேர்கோடு, முதுகு கடைசியில் வளைந்து இறங்கி வாயைத் தொடும். ஆட்டுக் குளம்பைப் போன்ற உருவம் என்பதால் அதே பெயர். மிரளும் விலங்கின் பக்கத்தில் நின்று கயிற்றை அறுக்கும்போது முனை எதையும் குத்திவிடக் கூடாது. நேரான வாய் என்பதால் சாணைக்கல்லில் தீட்டுவதும் எளிது. இன்று அட்டைப்பெட்டி பிரிக்கவும் நூல் அறுக்கவும் இதைவிட நல்ல அலகு கிடையாது.

மூன்றாவது அலகின் வாய் பெரும்பாலும் நேராகப் போய், முனைக்கருகே மட்டும் மழுங்கலாக மேல்நோக்கி வளையும். காளைக் கன்றுகளுக்குக் காயடிக்க வைத்தது. கை நடுங்கினாலும் முனை உள்ளே ஏறிவிடாதபடி உருட்டிவிட்டிருக்கிறார்கள். மரத்தில் செதுக்குவதற்கு அது சுமார், தோலுரிக்கப் பரவாயில்லை. ஆனால் ரொட்டியில் வெண்ணெய் தடவ அபாரம். இன்று இந்தக் கத்தியைச் சட்டைப்பையில் வைத்திருக்கும் அலுவலகக்காரர்களில் பெரும்பாலோர் கன்றுக்குட்டியை அருகில்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். வேலை போய்விட்டது, வேலை செதுக்கிய வடிவம் மட்டும் தங்கிவிட்டது. அதை எடுத்துவிட்டு வேறு ஏதாவது வைக்கலாமே என்று செய்பவர்களுக்கும் தோன்றவில்லை, வாங்குபவர்களும் கேட்பதில்லை. இந்த மந்தம் எனக்குப் பிடித்த மந்தம்.

பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டில் கேஸ் நிறுவனம் இதைச் செய்கிறது. அவர்களுடைய கத்தியில் வெட்டியிருக்கும் எண்களைப் படிக்கத் தெரிந்தால் கடைக்காரரிடம் எதுவும் கேட்க வேண்டாம். 6318 என்றால், 6 வரிகள் செதுக்கிய எலும்புப் பிடி, 3 அலகுகளின் எண்ணிக்கை, 18 வடிவத்தின் எண். அதே கத்தி மஞ்சள் பிடியில் வந்தால் 3318. இரண்டு நீண்ட அலகுள்ள டிராப்பர் 6254. 1970இலிருந்து முத்திரைக்குக் கீழே புள்ளிகளும் உண்டு. அந்த வருடம் பத்து, அடுத்த வருடம் ஒன்பது, அப்படியே 1979இல் ஒன்று. பழைய கத்தி கையில் கிடைத்தவர்கள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு புள்ளி எண்ணுவது இதனால்தான்.

*

இவற்றுக்கு முந்திய கைகளையும் நினைக்க வேண்டும். ஷெஃபீல்டில் ஒருவர் அடிப்பார், ஒருவர் சாணை பிடிப்பார், ஒருவர் பிடி பொருத்துவார். தனித்தனிப் பட்டறை, தனித்தனிக் கூலி. சாணைக்காரர் மரச் சேணத்தில் கால் பரப்பி அமர்ந்து, சுழலும் கல்லின் மேல் குனிந்திருப்பார். கல்தூள் நுரையீரலில் இறங்கும். தண்ணீர் விடாமல் உலர் கல்லில் வேலை செய்தவர்களின் சராசரி ஆயுள் 35 வருடம்கூட இல்லை என்று ஒரு மருத்துவர் சொன்னதை எங்கெல்ஸ் 1845இல் வந்த தன் புத்தகத்தில் பதிந்திருக்கிறார். ஈரக் கல்காரர்கள் 45 வரை போனார்கள்.

பிரான்சின் தியேர் ஊரில் துரோல் ஆற்றின் ஓரம் சாணைக்காரர்கள் உட்காரவில்லை, பலகையில் குப்புறப் படுத்து வேலை செய்தார்கள். கீழே தண்ணீர் ஓடும், குளிர் ஏறும். சூட்டுக்காகக் காலின் மேல் நாயைப் படுக்கவைத்துக்கொள்வார்கள். பழைய புகைப்படங்களில் வரிசையாகப் படுத்திருக்கும் ஆட்களையும், ஒவ்வொருவர் காலிலும் சுருண்டிருக்கும் நாயையும் பார்க்கலாம். பையிலிருக்கும் கத்தியைப் பற்றிப் பெருமையாகப் பேச வாயெடுக்கும்போது அந்த நாய்கள் நினைவுக்கு வருவது நல்லது.

*

ஒப்பினெல். பிரான்சின் ஆல்ப்ஸ் பகுதியான சவோயில், 1890இல், ஜோசப் ஒப்பினெல் செய்தது. வில் கிடையாது, பூண் கிடையாது. உருண்டையான பீச் மரப்பிடியில் ஒரு நீள வெட்டு, அலகு, ஆணி, அதைச் சுற்றி ஓர் உலோக வளையம். அவ்வளவுதான். 1897இல் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எண் போட்ட அளவுகள் வந்தன. ஒன்றாம் எண் மிகச் சிறியதாகிப்போனதாலும் பதினொன்று பத்துக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் நசுங்கியதாலும், 1930களில் இரண்டையும் நிறுத்திவிட்டார்கள். அலகில் ஆசீர்வதிக்கும் ஒரு கையும் கிரீடமும். கை, பக்கத்து ஊரான சேன் ஜான் த மோரியென்னின் சின்னம். கிரீடம் சவோய் கோமகன்களுடையது.

1955 வரை இதற்கும் பூட்டு இல்லை. மரம் அலகைக் கவ்விக்கொள்ளும் இறுக்கத்தை நம்பித்தான் இருந்தது. அந்த வருடம் மார்செல் ஒப்பினெல் இன்னொரு வளையத்தைச் சேர்த்தார். திறந்த பிறகு விரலால் கால் சுற்றுத் திருப்பினால் அலகு மடங்காது. நான் பூட்டில்லாத கத்தியின் பக்கம் நிற்பவன். ஆனாலும் இந்த வளையத்தோடு சண்டை போட முடியவில்லை. திருப்பலாம், திருப்பாமலும் இருக்கலாம். வற்புறுத்தாத பூட்டு.

மரம் ஈரத்தை அறியும். ஐப்பசி மழையில் சென்னையில் இந்தப் பிடி ஊதிக்கொள்ளும், அலகு வெளியே வர மறுக்கும். நகம் உடைவதுதான் மிச்சம். சவோய்க்காரர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருப்பி, பிடியின் பின்முனையை மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினால் அலகின் முனை எட்டிப் பார்க்கும். இரண்டு விரலால் பிடித்து இழுத்துவிடலாம். பங்குனி வெயிலில் அதே கத்தி தளர்ந்துவிடும். மரத்துக்குப் பருவம் தெரிகிறது என்று விட்டுவிட வேண்டியதுதான்.

ஆறாம் எண்ணின் அலகு 7 சென்டிமீட்டர், எட்டாம் எண் எட்டரை. கடைகளில் அதிகம் கண்ணில் படுவது எட்டு. என் பைக்கு ஆறு. மெல்லிய அலகு என்பதால் ஆப்பிளும் கொய்யாவும் பிளக்கும்போது விரிசல் விடாது, வழுக்கி இறங்கும். தடித்த அலகுக் கத்திகள் பழத்தை வெட்டுவதில்லை, ஆப்பு மாதிரி உடைக்கின்றன.

*

லாகியோல் அழகுதான். 1829இல் அதே பெயருள்ள பிரெஞ்சு ஊரில் பிறந்தது, வில்லின் மேல் ஈயோ தேனீயோ, பிடியில் சிறு ஆணிகளால் சிலுவை. மேய்ப்பர்கள் கத்தியை ரொட்டியில் செருகி நிறுத்தி அதன்முன் ஜெபித்தார்கள் என்று ஒரு கதை. சாப்பாட்டு மேசைக்கு ஏற்ற கத்தி. வேட்டி மடிப்பிலும் பேண்ட் பையிலும் அது நீளம்.

*

சட்டைப்பைக் கத்தியைத் தேடும்போது நம் ஊர்ப் பக்கம் ஒரு பழைய உறவு தட்டுப்படுகிறது. ஏட்டில் எழுதிய காலத்து எழுத்தாணிகளில் மூன்று வகையை உ.வே.சாமிநாதையர் விவரித்திருக்கிறார். குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி. மடக்கெழுத்தாணிக்கு மரத்திலோ தந்தத்திலோ கொம்பிலோ பிடி, எழுத்தாணி அதற்குள் மடங்கிவிடும். வாரெழுத்தாணியின் ஒரு முனை எழுத, மறுமுனை பனையோலையை வாரும் கத்தி. எழுதுகிறவன் கையில் கத்தியும் இருந்தாக வேண்டிய காலம் அது. ஓலையை அளவாக வாராமல் எழுத்து ஏறாது. ஷெஃபீல்டில் இறகுப் பேனா சீவச் சிறு கத்தி செய்துகொண்டிருந்த நாட்களில் இங்கேயும் ஒருவர் ஓலை வாரிக்கொண்டிருந்திருப்பார். இருவரும் எழுதத்தான் கத்தி வைத்திருந்தார்கள்.

*

எழுதுவதற்கான கத்தி ஜப்பானில் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பள்ளிப் பையன்களின் பையில் இருந்தது. ஹிகோனோகாமி. 1876இல் மெய்ஜி அரசு பொது இடத்தில் வாள் தரிப்பதைத் தடை செய்தது. அடுத்த இருபது வருடங்களுக்குள், தச்சுக் கருவிகளுக்குப் பேர்போன மிகி ஊரில் இந்தக் கத்தி பிறந்தது. மடித்த தகட்டுப் பிடி, ஓர் ஆணி, ஓர் அலகு. அலகின் அடியிலிருந்து ஒரு வால் வெளியே நீண்டிருக்கும். கட்டைவிரல் அந்த வாலைப் பிடியோடு அழுத்திக்கொண்டிருக்கும் வரை அலகு மடங்காது. விரலை எடுத்தால் அலகு தன் இஷ்டத்துக்கு ஆடும். வில்லும் இல்லாத, பூட்டும் இல்லாத கத்தி. வைத்திருப்பவரின் கட்டைவிரல்தான் அதன் பூட்டு.

பென்சில் சீவ அதைப் போல் ஒன்று இல்லை. கத்தி பிடித்த கை அசைவதில்லை. பென்சிலைப் பிடித்த கையின் கட்டைவிரல்தான் அலகின் முதுகை மெல்லத் தள்ளும். மரச்சுருள் ஒன்று எழுந்து, வளைந்து, விழும். பென்சிலைக் கொஞ்சம் உருட்டி மறுபடி. கரியை எட்டியதும் தள்ளுவதை நிறுத்தி, அலகைச் செங்குத்தாக வைத்துச் சுரண்ட வேண்டும். அவசரப்பட்டால் கரி உடையும். எழுத உட்காரும் முன் இதற்குச் செலவாகும் நேரம், எழுதப்போவதை யோசிக்கப் போதும்.

1960 அக்டோபரில் தோக்கியோவில் சோசலிஸ்ட் கட்சித் தலைவர் அசானுமா மேடையிலேயே கொல்லப்பட்டார். கொன்றவனுக்கு 17 வயது, கையில் இருந்தது குட்டை வாள். ஆனால் அதன் பிறகு எழுந்த இயக்கம் பிள்ளைகளின் பையில் கத்தியே கூடாது என்றது. பென்சில் கத்திகளும் போயின. வகுப்பில் திருகும் சீவிகள் வந்தன. மிகியில் இன்று அந்தப் பெயருக்கு உரிமையோடு செய்துவருவது ஒரே ஒரு பட்டறை.

*

வேடிக்கை என்னவென்றால், இன்றைய சட்டம் பழைய கத்தியின் பக்கம் சாய்ந்திருக்கிறது. இங்கிலாந்தில் 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி, வாய் 3 அங்குலத்துக்கு மேல் போகாத, பூட்டில்லாத மடக்குக் கத்தியைக் காரணம் சொல்லாமல் வைத்திருக்கலாம். பூட்டு இருந்தால் அளவு சிறியதானாலும் காரணம் சொல்ல வேண்டும். ஜெர்மனி 2008இல் ஒரு கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்திகளைப் பொது இடத்தில் கட்டுப்படுத்தியது. தாத்தா காலத்து வடிவங்களைத் தயாரிப்பாளர்கள் மறுபடி தூசி தட்டியதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டு கையும் நிதானமும் தேவைப்படும் கத்தியைக் கண்டு யாரும் அஞ்சுவதில்லை.

*

கார்பன் எஃகா, துருப்பிடிக்காத எஃகா? கடலோர ஊரில் இருப்பவர்கள் துருப்பிடிக்காததை வாங்கினால் நான் தடுக்க மாட்டேன். எனக்குக் கார்பன். சாதாரணக் கல்லில் கொஞ்ச நேரத்தில் பதம் ஏறும். மாங்காய் பட்டதும் கறுக்கும், எலுமிச்சை பட்டால் திட்டுத் திட்டாக நீலம் ஓடும். நம் வீட்டு அரிவாள்மணையில் வாழைப்பூ நறுக்கியவர்களுக்கு இது புதிதில்லை. இந்தக் கறுப்பு துரு இல்லை. துரு செம்பழுப்பு, உதிரும், எஃகைத் தின்னும். கறுப்பு ஒட்டிக்கொண்டு, துரு ஏறுவதை ஓரளவு தடுக்கும். புதுக் கத்தியின் பளபளப்பு போய்விட்டதே என்று புளி போட்டுத் தேய்ப்பவர்கள், கிடைத்த காவலையும் கழுவிவிடுகிறார்கள்.

பழம் வெட்டியதும் துடைத்துவிட வேண்டும். மூட்டுக்கு ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய். நல்லெண்ணெய் வேண்டாம், நாளாவட்டத்தில் காற்றுப்பட்டுப் பிசுக்காகி மூட்டை இறுக்கிவிடும். வருடத்துக்கு ஒருமுறையாவது பிடியின் உள்வெட்டைப் பார்க்க வேண்டும். பையின் பஞ்சும் தூசியும் எண்ணெயோடு சேர்ந்து அங்கே கெட்டியாகியிருக்கும். பல் குத்தும் குச்சி போதும் அதை எடுக்க.

*

எந்தக் கத்தி வாங்கலாம் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் நீளமான பதில் இல்லை. ஸ்டாக்மேனின் மூன்று அலகும் எல்லோருக்கும் வேண்டியதில்லை. தடித்த கத்திகள் பையைக் கிழிக்கும். ஓர் அலகுப் பார்லோ, மூடியிருக்கும்போது மூன்றரை அங்குலத்துக்கு மேல் போகாதது, போதும். பழமும் ரொட்டியும் அதிகம் வெட்டுபவர் என்றால் ஒப்பினெல் ஆறு. எழுத்து மேசைக்கு ஹிகோனோகாமி. குழந்தைகள் இருக்கும் வீட்டில் எதுவானாலும் கைக்கெட்டாத உயரத்தில். அடுத்தவருக்குக் கொடுக்கும்போது மடக்கிக் கொடுங்கள். விமானப் பயணம் என்றால் முந்தின இரவே பையிலிருந்து எடுத்துப் பெட்டிக்குள் வையுங்கள். கைப்பைச் சோதனையில் போன கத்தி திரும்பி வருவதில்லை.